ரசீதுள்ள பை

2019 ஏப்ரல் 30, செவ்வாய்க்கிழமை, அத்தித்லான் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள சான் ரோக்கே லா லகுனா நகராட்சி மன்றம் தன்னுடைய பிளாஸ்டிக் தடை விதியில் ஒரு திருத்தம் செய்தது. பைக்குத் தனி விலை வாங்கி, அந்த விலைக்கு இயந்திர ரசீதும் கொடுக்கும் கடைகளுக்குத் தடை பொருந்தாது என்பது திருத்தம். மன்றத்தில் ஏழு பேர். ஆதரித்து நான்கு பேர் கை தூக்கினார்கள். நான்காவது கை பெனிதோ இஷ்தாமெருடையது.

அந்த நேரத்தில் பெனிதோவின் மனைவி சோனா சந்தையில் தன் கோழிக்கடையில் உட்கார்ந்து மாஷான் இலை சீவிக்கொண்டிருந்தாள். மாஷான் வாழையைவிடக் குட்டையான இலை, அகலம் அதிகம். கடற்கரைப் பக்கத்திலிருந்து லாரியில் கட்டுக்கட்டாக வரும். பின்பக்கத்து நடுநரம்பைக் கத்தியால் சீவாவிட்டால் மடிக்கும்போது உடைந்துவிடும். சீவிய இலையைத் தணலில் காட்டி, ஈரத்துணியால் துடைத்து, பெரியது சின்னது பிரித்து அடுக்க வேண்டும். முழுக்கோழிக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இலை. ஈரல், குடல் என்றால் இன்னும் ஒன்று. கட்டுவதற்கு, ஏரிக்கரைக் கோரையைக் காயவைத்துக் கிழித்த நார். முன்பு பையை உதறித் திறந்து கோழியைப் போட்டுக் கொடுத்த நேரத்தில் இப்போது ஒரு முடிச்சுகூட முடியாது. சந்தைப் பெண்கள் இதற்குப் பழகி ஒன்றரை வருடமாகிவிட்டது.

மழை இன்னும் இறங்கவில்லை. மலைச்சரிவில் சோளக்கொல்லைகளைக் கொளுத்திய புகை ஏரிமேல் நின்றது. எதிர்க்கரை தெரியவில்லை. பக்கத்துக் கடை லூச்சா மீன் தட்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்தாள்.

“சோனாக்கா, கேட்டியா? கவர் திரும்ப வருதாம்.”

“யாருக்கு வருது?”

“எவரிஸ்தோவோட பெரிய கடைக்கு. காசு வாங்கிட்டுக் குடுத்தா குத்தமில்லையாம். ஆனா மெஷின்ல பில்லு வரணுமாம். நமக்குப் பழையபடி இலைதான்.”

“மன்றத்துல அது நடக்காது. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு.”

“இருந்தாருக்கா. கையும் தூக்கினாரு.”

சோனா கத்தியை நிறுத்தவில்லை. “எந்தக் கைய?”

“எனக்கெப்படித் தெரியும்? என் மச்சினன் ஜன்னல்கிட்ட நின்னு பாத்துட்டு வந்து சொல்றான்.”

“அவருக்கு வலது தோள்ல வலி. காலையில நான்தான் தைலம் தேய்ச்சு விட்டேன். துணி காயப்போடக்கூட கை எழும்பலைன்னாரு.”

“அப்ப நல்ல தைலம்தான். எங்க வாங்கினே, எங்க அத்தைக்கும் தோள் வலி.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சோனாவும் சேர்ந்து சிரித்தாள். ஊரில் புரளி கிளம்புவது புதிதல்ல, ஜூனில் தேர்தல் வேறு. ஒரு கோழியைக் கட்டினாள், நாரை இறுக்கினாள். அதை வாங்கிக்கொண்ட கிழவர் சொன்னார். “பொய்யில்லம்மா. நானும் பாத்தேன். கொஞ்சம் தயங்கித்தான் தூக்கினாரு. அதச் சொல்லணும்.”

சந்தை வாசலில் இலைக்கட்டும் ஓலைக்கூடையும் விற்கிற ஃபெலிப்பாவின் கடை இருந்தது. சோனா அந்தப் பக்கம் பார்த்தாள். ஃபெலிப்பா முன்னமே இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெலிப்பா விதவை. சோனாவின் ஒரே மகள் இமெல்தாவுக்கு ஞானத்தாயாக நின்றவள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்மாதிரி என்றுதான் கூப்பிடுவார்கள்; பெனிதோ ஃபெலிப்பாவுக்குக் கும்பாதிரி. தடை வருவதற்கு முன்பு ஏரியின் இந்தக் கரைக்கே பை சப்ளை செய்தது ஃபெலிப்பாதான். கறுப்பு, வெள்ளை, கோடு போட்டது, பழச்சாறு ஊற்றிக் கட்டுகிற நீளப்பை, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சு குழல் எல்லாம் அவள் கடையிலிருந்துதான் போகும். அந்த வருமானத்தில் வீட்டுக்குக் கூரை போட்டாள், புருஷனின் கடைசி வருட வைத்தியம் பார்த்தாள்.

2017 மழைக்காலத்தில் ஏரி பச்சையாகிப் போனது. துவைக்கப் போகிற பெண்கள் முழங்கால் தண்ணீரில் கல்லடியில் நிற்கும்போது காலில் பை வந்து சுற்றும். அவிழ்த்து எறிந்தால் அடுத்த அலையில் அதே பை திரும்பி வரும். மேட்டிலிருந்து வரும் வாய்க்கால் சந்தைக்கு அடியில்தான் போகிறது. பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் முதலில் ஏறுவது சோனாவின் கடையில். அந்த வருடம் உயிர்க்கோழிக் கூண்டு ஒன்று அப்படியே முழுகியது. கோயில் முற்றத்தில் கூட்டம் கூட்டி மேயர் தடையை அறிவித்தபோது சந்தைப் பெண்களில் முதலில் எழுந்து நின்றவள் சோனாதான். மேயர் எல்லார் முன்னாலும் சொன்னார், பெரிய கடை சின்னக் கடை என்று பேதம் கிடையாது, ஒரே விதிதான் என்று. அந்த வார்த்தையைச் சோனா மடியில் முடிந்துகொண்டாள். வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஃபெலிப்பா வீட்டுக்கு மட்டும் ரொட்டியோடு போனாள்.

எங்கள் ஊரில் பெரிய உதவி கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பெண் கேட்பதானாலும், வழக்கை விட்டுவிடச் சொல்வதானாலும், கூடை நிறைய இனிப்பு ரொட்டி அடுக்கி, மேலே சாக்லேட் வில்லைகளை வைத்து, துணியால் மூடிக் கொண்டுபோவார்கள். சம்மதமில்லை என்றால் வீட்டுக்காரர்கள் துணியைத் தொட மாட்டார்கள். “சாப்பிட்டாச்சு” என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. துணியை விலக்கி, சாக்லேட்டை உடைத்து, தண்ணீரில் காய்ச்சி, ரொட்டியோடு குடித்துவிட்டால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பிறகு மாற முடியாது. மாறியவர்களைப் பற்றிக் கதைகள் உண்டு, எதுவும் நல்ல கதை இல்லை.

புனித வாரத்து ரொட்டி வேறு. அது பழகிய வீடுகளுக்கெல்லாம் போகும், அங்கிருந்தும் வரும். அதோடு ஒரு குப்பித் தேன் இருக்கும், சாக்லேட் இருக்காது. பதிலுக்கு ரொட்டி அனுப்பினால் கணக்குத் தீர்ந்தது.

தடைக்காகப் பேசப் போன அன்று விடியற்காலையில் சோனா கூடையோடு நிற்பதைப் பார்த்து ஃபெலிப்பா கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

“என்ன கொம்மாதிரி, பொண்ணு கேட்டு வந்தாப்ல நிக்கிறே? எனக்குப் பொண்ணு இல்லையே.”

“கடையக் கேட்டு வந்திருக்கேன்.”

“கடையவா, கவரவா?”

“கவர.”

“கவர் போனா என் கடையில என்ன மிச்சம்? நான் இருப்பேன், பூனை இருக்கும்.”

“கூடை வைக்கலாம், இலை வைக்கலாம். எல்லாரும் உன்கிட்டதான வாங்கணும்.”

“இலை ரெண்டு நாள்ல வாடிடும். கவர் நான் செத்து மண்ணாப் போனாலும் வாடாது.”

“அதுக்குத்தான கொம்மாதிரி வந்திருக்கேன்.”

ஃபெலிப்பா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்துக் கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் விட்டுருவேன். நாளைக்கு எவனாவது காசுள்ளவன் வந்து பெருசா கடை போட்டுக் கவர் குடுத்தான்னா, நான் எங்க போய் முட்டிக்குவேன்?”

“விடமாட்டோம். உன் கும்பாதிரி மன்றத்துலதான இருக்காரு. உள்ளேயிருந்து பாத்துக்குவாரு. அவரு வாய் மட்டும்னா நானே நம்ப மாட்டேன். இது என் வாக்கு.”

ஃபெலிப்பா துணியை விலக்கினாள். வில்லையை உடைத்துச் சட்டியில் போட்டாள். கிட்டங்கியில் இருந்த பைகளை அந்த வாரமே நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது ஒரு மூட்டை வாய் பிரிந்து காற்றில் கொஞ்சம் பறந்தது. அவளே ஓடி ஓடிப் பொறுக்கினாள். அதற்கு மேயர் கொடுத்த பாராட்டுச் சான்றிதழைக் கடையில் மாட்டியிருந்தாள். இலை வியாபாரத்தில் பாதி நாள் நஷ்டம். வாடிய இலையைச் சோனா வாங்கிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டில் போடுவாள், வேண்டாம் என்று ஃபெலிப்பா சொன்னாலும் கேட்க மாட்டாள். கிட்டங்கியைப் பூட்டி, ஒரு மீனவனுக்கு வலை வைக்க வாடகைக்கு விட்டாள். இது பற்றிச் சோனாவிடம் அவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ரொட்டி தின்றவள் அவள்.

இந்த வருடம், மன்றத்தில் கை தூக்குவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, புனித வாரத்துப் புதன்கிழமை சோனா ஏரியில் துவைத்துவிட்டு, ஈரத்துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மதியத்துக்கு வீடு திரும்பினாள். காற்று கிளம்பியிருந்தது. மதியக் காற்றில் ஏரி முழுக்க வெள்ளையாக நுரை எழும்பும், படகுகள் கரை ஏறிவிடும். வாசலில் மூட்டையை இறக்கும்போதே சாக்லேட் வாசம் வந்தது. அடுப்பங்கரையில் பெனிதோ சட்டி கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சட்டி கழுவி அவள் பார்த்ததில்லை.

“என்ன, இன்னிக்குக் கர்த்தர் பாதம் கழுவுற நாள் இல்லையே? அது நாளைக்குத்தான.”

“பீன்ஸ் அடிப்பிடிச்சிருச்சு” என்றார் பெனிதோ, திரும்பாமல்.

மேசைமேல் பெரிய கூடை இருந்தது. எள் தூவிய, முட்டை மஞ்சள் தடவிய ரொட்டி, நல்ல கை செய்தது. இமெல்தா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள். “தோன் எவரிஸ்தோ வீட்டிலேர்ந்தும்மா.”

எவரிஸ்தோ எங்கள் ஊர்க்காரர்தான். பத்து வருடம் வடக்கே போய் அமெரிக்காவில் ஒரு துணி வெளுக்கும் ஆலையில் இருந்துவிட்டு வந்தவர். பேருந்து நிற்கும் மேட்டில் இரும்புக் கூரை போட்டு இரண்டு மாடிக்குக் கடை கட்டிக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்கும் நமக்கும் ரொட்டிப் போக்குவரத்தே இல்லையே.”

“தேர்தல் வருதுல்ல. மன்றத்துல இருக்கிறவன் வீட்டுக்கு நாலு பேர் அனுப்பத்தான் செய்வாங்க.”

“தேன் எங்க?”

பெனிதோ சட்டியைக் கவிழ்த்து வைத்தார். “வடக்க போய் வந்தவனுக்கு முறை மறந்திருக்கும்.”

“அவன் மறந்தாலும் அவன் பொண்டாட்டிக்கா மறக்கும்? அவ இங்கதான கிடந்தா. சாக்லேட் வாசம் எங்கேர்ந்து?”

“பக்கத்து வீட்டுல” என்றாள் இமெல்தா.

சோனா கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து குனிந்து துவைத்த பசி. காய்ந்த சின்ன மீன், தக்காளித் துவையல், சௌசௌ வேகவைத்தது, மேலே இரண்டு ரொட்டி. ரொட்டி நன்றாக இருந்ததாகச் சொன்னாள். மாலையில் அதிலேயே பத்துப் பன்னிரண்டை எடுத்து, தன் தேனில் ஒரு குப்பி சேர்த்து, ஃபெலிப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த வருடம் தன் அடுப்பில் ரொட்டி சரியாக எழும்பவில்லை, இது நல்ல ரொட்டி, நீ சாப்பிடு என்றாள். மறுநாள் எவரிஸ்தோ வீட்டுக்குப் பதில் ரொட்டியும் தேனும் அனுப்பினாள். முறைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மன்றத்தில் நடந்தது வியாழனுக்குள் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. பெனிதோ அந்த இரண்டு நாளும் காப்பித் தோட்டத்துக் குடிசையில் தங்கினார். செடிகளுக்கு இலைத்துரு வந்திருக்கிறது, மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். துரு வந்தது உண்மைதான். அது வந்து மூன்று வருடமாகிறது.

சந்தைப் பெண்கள் நகராட்சிக்குப் போனார்கள். மேயர் தலைநகரத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து மேட்டுக்கு, எவரிஸ்தோவின் கடைக்குப் போனார்கள். சோனா முன்னால் போனாள். ஃபெலிப்பா அவள் பக்கத்தில் வந்தாள். வழியில் ஃபெலிப்பா ஒரே ஒரு தடவை கேட்டாள். “கும்பாதிரி எதுக்குக் கை தூக்கினாருன்னு உனக்குத் தெரியுமா?” “தெரியாது கொம்மாதிரி. ஆனா இதைத் திருப்பாம விடமாட்டேன்” என்றாள் சோனா. ஃபெலிப்பா தலையசைத்தாள். அதுவரை அவள் நம்பினாள்.

கடையில் இரும்புத் தட்டுகளைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் வாங்கும் மேடைகள் வந்து இறங்கி, பிரிக்காமல் நின்றன. ஒன்றின்மேல் புதுப்பைகள் கட்டாக இருந்தன. பையில் பச்சை இலை படம் போட்டிருந்தது. எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் உட்காரச் சொல்லாமல் பேசுகிறவர் இல்லை, நான்கைந்து மரப்பெட்டிகளை இழுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

“கோவப்படாம கேளுங்க. சும்மா குடுத்தா சனங்க பையத் தூக்கி எறியறாங்க. ஒரு கெட்சால் குடுத்து வாங்கினவன் எறிய மாட்டான், மடிச்சு வச்சுக்குவான். வடக்க நான் கண்ணால பாத்தேன். தடைங்கறது சண்டை. விலைங்கறது புத்தி.”

“அப்ப அந்தப் புத்தி எங்களுக்கும் வேணும்” என்றாள் லூச்சா. “நாங்களும் ஒரு கெட்சால் வாங்கிட்டுக் குடுக்கிறோம்.”

“பில்லு வேணுமே, தாயி. விதி அப்படி. காசு எங்க போச்சுன்னு கணக்கு வேணாமா?”

“மெஷின் வச்சிருக்கிறவன் கையில இருந்தா பை ஏரிக்குப் போகாதா?” என்றாள் சோனா. “ஏரி பில்லுப் பாத்துத்தான் உள்ள விடுமா?”

பெண்கள் சிரித்தார்கள். உள்ளே திருகிக்கொண்டிருந்த ஆட்களும் சிரித்தார்கள். எவரிஸ்தோவுக்கு முகம் மாறியது. கோபத்தைவிட, மனம் நொந்தவர் போலத்தான் அவர் பேசினார்.

“யா சோனா” என்று மரியாதையாகவே கூப்பிட்டார். “யார் வேணா என்னைக் கேட்கலாம். நீங்க கேட்கலாமா? என் ரொட்டியச் சாப்பிட்டு, என் சாக்லேட்டக் குடிச்சிட்டு, இப்ப என் வாசல்லயே ஆளச் சேத்துட்டு வந்து நிக்கறீங்களே.”

“ரொட்டி சாப்பிட்டேன். அது புனித வாரத்து ரொட்டி. பதிலும் அனுப்பினேன், தேனோட.”

“தேன் எதுக்கு அனுப்பறாங்கன்னு வீட்டுல நாங்களே யோசிச்சோம். சாக்லேட்டத் துணியில கட்டி மேல வச்சது என் சம்சாரம். கொண்டு வந்து உங்க வீட்டுக்காரர் கையில குடுத்தது நான். ‘சோனாகிட்ட சொல்லிட்டேன், அவளும் சேர்ந்துதான் குடிச்சா’ன்னு மறுநாள் அவரே வந்து சொன்னாரு. இல்லன்னா நான் மன்றத்துக்கு மனுவே குடுத்திருக்க மாட்டேன். சந்தையப் பகைச்சுக்கிட்டு இந்த ஊர்ல எவன் கடை வைப்பான்?”

சட்டி கழுவிய ஓசையும், பக்கத்து வீட்டு வாசமும் சோனாவுக்கு அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன என்று பிறகு லூச்சாவிடம் சொன்னாள்.

பெண்கள் எவரிஸ்தோவைப் பார்க்கவில்லை, சோனாவைத்தான் பார்த்தார்கள். ஃபெலிப்பா மெதுவாகக் கேட்டாள். “எனக்கு எள்ளு ரொட்டி கொண்டு வந்தியே. அது எந்த ரொட்டி?”

“கொம்மாதிரி…”

“எந்த ரொட்டின்னு மட்டும் சொல்லு.”

“இவங்க ரொட்டி.”

“ஓ” என்றாள் ஃபெலிப்பா. சால்வை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள், ஏதோ இன்னும் ஒட்டியிருப்பது போல. பிறகு இறங்கிப் போய்விட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் லூச்சா சோனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று பெனிதோ தோட்டத்திலிருந்து வீடு திரும்பியிருந்தார். கொல்லையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இமெல்தா அடுப்பில் சோள மாவில் தோர்த்தியா தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். சோனா உள்ளே வந்து, சால்வையை மடித்து வைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“தோள் வலி எப்படி இருக்கு?”

பெனிதோ கல்லில் தண்ணீர் தெளித்தார். “போயிருச்சு.”

“சாக்லேட் நல்ல மருந்து போல.”

கத்தி நின்றது. அடுப்பில் ஒரு தோர்த்தியா உப்பி அமுங்கியது.

“எவரிஸ்தோ சொன்னானா?”

“ஊரே கேட்கச் சொன்னாரு. நான் குடிச்சேனாம்ல. என் வாயால நான் குடிச்சத நான் அங்கதான் கேட்டேன்.”

“சொல்லியிருந்தா நீ வேண்டாம்ன்னிருப்பே.”

“ஆமா.”

“அதான்.”

“அதான்னா? வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான என்னைச் சாப்பிட வச்சீங்க. நீங்க மட்டும் தின்னிருந்தா உங்க வாக்கோட போயிருக்கும். நான் அதைக் கொம்மாதிரி வாயிலயும் கொண்டு போய்த் திணிச்சிட்டு வந்திருக்கேன்.”

“அவளுக்கு நீ குடுப்பேன்னு எனக்குத் தெரியுமா?”

“வருசா வருசம் குடுக்கறேன். கட்டின நாள்லேர்ந்து பாக்கறீங்க.”

பெனிதோ கத்தியைக் கீழே வைத்தார். “தடைன்னு சொல்லி என்ன நின்னுச்சு சோனா? அக்கரையிலேர்ந்து வர்றவன் கவர்லதான் கொண்டு வர்றான். விருந்துன்னா திருட்டுத்தனமா வாங்கறாங்க. எவரிஸ்தோ சொல்றதுல நியாயம் இருக்கு. விலை வச்சா குறையும்.”

“நியாயம் இருந்தா மன்றத்துல பேச வேண்டியதுதான. சட்டியக் கழுவ வேண்டியதில்லையே.”

கொல்லைக் கோழிகள் தீட்டிய கல்லில் வழிந்த தண்ணீரைக் குடிக்க வந்தன. அவர் விரட்டவில்லை.

“காப்பி போச்சு” என்றார் பிறகு. “இந்த வருசமும் துருதான். இமெல்தா படிச்சிட்டு அடுப்படியில நிக்கறா. எவரிஸ்தோ பணம் வாங்கற எடத்துல அவளுக்கு வேலை குடுக்கறேன்னான். மாசாமாசம் சம்பளம், நிழல்ல உக்காந்து. நான் வேற என்ன செய்வேன்? அவளையும் கோழி உரிக்க வைக்கவா?”

“கோழி உரிச்சுத்தான் அவ படிச்சா.”

இமெல்தா அடுப்பைவிட்டுத் திரும்பினாள். “அம்மா, அப்பாவ மட்டும் சொல்லாதீங்க. சாக்லேட்டக் காய்ச்சினது நான்தான்.”

சோனா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க ஏரிக்குப் போன நேரத்துல காய்ச்சினேன். வேலை வேணும்னு இருந்துச்சும்மா. நீங்க வர்றதுக்குள்ள குடிச்சிட்டோம்.”

“பட்டை போட்டியா?”

“போட்டேன்.”

“நல்லா இருந்துச்சா?”

இமெல்தா அழ ஆரம்பித்தாள். சோனா எழுந்து போய், கல்லில் கருகிக்கொண்டிருந்த தோர்த்தியாவை எடுத்துத் திருப்பிப் போட்டாள். “ஞானஸ்நானத்துல உன்னைக் கையில வாங்கினவ அவ. உன் தலையில தண்ணி ஊத்தினப்ப நீ கத்தின கத்துல அவதான் பயந்து அழுதா. கடைய விடச் சொல்லி அவகிட்ட கேட்டேன், விட்டா. கூடையோட போனேன், கூடையத் தொறந்தா. உங்க ரெண்டு பேருக்கும் நான் கூடை கொண்டு வரலையே, அதான் தப்பாப் போச்சு.”

யாரும் சாப்பிடவில்லை. தோர்த்தியாவைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

மே முதல் வாரத்தில் மழை இறங்கியது. சோனா தன் அடுப்பில் ரொட்டி சுட்டாள். மாவு எழும்பும்வரை பக்கத்திலேயே இருந்தாள். சாக்லேட் வில்லைகளைக் கடையில் வாங்காமல், கொக்கோவை வறுத்து அம்மியில் அரைத்து அவளே தட்டினாள். வெள்ளைத்துணி மூடி, கூடையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஃபெலிப்பா வீட்டுக்குப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடைமேல் ஒரு மாஷான் இலையைக் கவிழ்த்திருந்தாள்.

ஃபெலிப்பா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், பலகை எடுத்துப் போட்டாள். முறை எதுவும் தவறவில்லை.

“எனக்குத் தெரியாது கொம்மாதிரி. சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியும் உனக்குத் தெரியாதுன்னு.”

“அவரு செஞ்சது.”

“அவரு வாய் மட்டும்னா நம்ப மாட்டேன்னு நீதான சொன்னே. உன் வாக்கத்தான் நான் தின்னேன்.”

சோனா கூடையை அவள் முன்னால் நகர்த்தினாள். ஃபெலிப்பா இலையில் நின்ற மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சரிந்து துணியில் இறங்குவதற்கு முன், இலையை மட்டும் பக்குவமாகத் தூக்கி வாசலில் உதறினாள். துணியைத் தொடவில்லை.

“சாப்பிட்டாச்சு, சோனா” என்றாள்.

கொம்மாதிரி என்று சொல்லவில்லை.

எவரிஸ்தோவின் கடை ஜூலை ஆறாம் தேதி திறந்தது. பையின் விலை ஒரு கெட்சால். இமெல்தா பணம் வாங்கும் இரண்டாவது மேடையில் இருக்கிறாள், ஞாயிறு விடுமுறை. பெனிதோ காப்பித் தோட்டத்துக் குடிசையில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் மகள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஆகஸ்டில் ஃபெலிப்பா கடையைக் காலிசெய்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். பாராட்டுச் சான்றிதழ் கடைச் சுவரிலேயே இருக்கிறது. செப்டம்பரில் நகராட்சி ஆட்கள் சந்தையைச் சோதித்தபோது, ஒரு பெண் எவரிஸ்தோ கடைப் பையை நீட்ட, சோனா அதில் இலை சுற்றிய கோழியை வைத்துக்கொண்டிருந்தாள். பைக்கான ரசீது அந்தப் பெண்ணிடம் இல்லை. பையில் பொருள் வைத்துக் கொடுக்கிற கடைக்குத்தான் பொறுப்பு என்று சொல்லிச் சோனாவுக்கு அபராதம் போட்டார்கள். அவள் கட்டினாள். அதற்கு ரசீது கொடுத்தார்கள்.